பொன்னெழுத்தில் போ மோந்த்

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் ஒரு பாரிஸ் பொலிஸ்காரரின் வாயிலிருந்துதான் கேட்டேன். நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றில் என்னோடு சேர்த்து எங்கள் ஊர்ப் பெடியன்கள் ஆறு பேரைச் சுவரோரம் நிறுத்தி வைத்து விசாக் கடதாசிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரிடமும் சேர்த்து ஒழுங்கான கடதாசி ஒன்றுதான் இருந்தது. அதுவும் என்னுடையது அல்ல. அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மற்றவரிடம், "து போ மோந்த்" என்றார். இருவரும் சிரித்தார்கள். சொல் விளங்கவில்லை, சிரிப்பு நன்றாக விளங்கியது.

பிறகு மூன்று வருடம் அதே நகரத்தில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினேன். அதன் முதலாளி சனிக்கிழமைகளில் சமையலறைக் கதவை ஒரு சாண் திறந்து, முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை எட்டிப் பார்த்து, வாயை ஒரு பக்கம் கோணி அதே சொல்லைச் சொல்லுவார். அவரிடம்தான் பொருள் கேட்டேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அழகிய உலகம்'. பயன்பாட்டில் மேட்டுக்குடி, பெரிய இடத்துச் சனம், ஆடை அணி பூண்டு ஒருவரையொருவர் பார்க்க வருகிற கூட்டம். அதை நேராகவும் சொல்லலாம், நக்கலாகவும் சொல்லலாம், பெரும்பாலும் நக்கலாகத்தான் சொல்லுவோம் என்றார். பொலிஸ்காரர் எங்களை ஏன் அப்படி அழைத்தார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற மாதிரி, ஸ்காபரோவில் நான் பிரெஞ்சுப் பண்டிதன் ஆகிவிட்டேன். கனடாவில் பால் பெட்டியிலும் சவர்க்கார உறையிலும் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. எங்கள் சனம் ஆங்கிலப் பக்கத்தை முன்னால் பார்க்க அடுக்கிவைத்துவிட்டு, மற்றப் பக்கத்தின் மீது காரணம் தெரியாத ஒரு பயபக்தி வைத்திருந்தது. எனக்கு வேலை கிடைத்தது ஒரு பிளாசாவில் இருந்த தமிழ் அச்சகத்தில். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கடைத் திறப்புவிழாத் துண்டு எல்லாவற்றுக்கும் நான்தான் எழுத்துக்கோத்தேன். யாருக்காவது பிரெஞ்சில் ஒரு சொல் வேண்டுமென்றால் நேரே என்னிடம் வருவார்கள்.

முதலில் வந்தவர் அழகு நிலையம் திறக்கவிருந்த ஒரு பெண்மணி. தன் கடைக்குக் கிளியோபாட்ரா என்று பெயர் வைக்க எண்ணியிருந்ததாகவும், எதிர்ப்பக்கக் கடைக்காரி முந்திக்கொண்டாள் என்றும், ஆகவே பிரெஞ்சில் பெரிய இடத்து ஆட்களைக் குறிக்கும் ஒரு பெயர் தரும்படியும் கேட்டார். புருவம் பிடுங்குவதும் முகம் வெளிறப் பூசுவதும்தான் அங்கே நடக்கவிருந்த தொழில். எனக்குள் இருந்த குசும்பு சும்மா இருக்கவில்லை. பொலிஸ்காரர் எனக்குத் தந்ததை அப்படியே எடுத்து அவருக்குக் கொடுத்தேன். அவர் அதை நாலு தரம் சொல்லிப் பார்த்து, நாலு தரமும் நாலு விதமாகச் சொல்லி, மிகவும் மகிழ்ந்து போனார்.

அதன் பிறகு அது கொள்ளைநோய் மாதிரிப் பரவியது. ஆறு மாதத்துக்குள் ஒரு சீலைக்கடை அந்தப் பெயரில் வந்தது. அடுத்து ஒரு வீடியோப் படப்பிடிப்புக்காரர், மணவறை வாடகைக்கு விடுகிறவர், றோல்சும் கட்லட்டும் பெட்டியில் போட்டு விற்கிறவர். கணக்குப் பாடமும் பரதமும் ஒரே அறையில் சொல்லிக்கொடுத்த ரியூஷன் வகுப்பொன்றுக்கும் அதுவே பெயர். இரண்டு சீலைக்கடைகள் அந்தப் பெயருக்காகச் சண்டை பிடித்து, ஒன்று தன் விளம்பரத்தில் 'அசல்' என்று அடைமொழி சேர்த்தது. வீடு விற்கும் முகவர் ஒருவர் விட்பிப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளின் துண்டுப் பிரசுரத்தில், 'போ மோந்த் அயலவர்கள்' என்று போடச் சொன்னார். அந்த அயலில் அப்போது பாதி வீடுகளுக்குக் கூரையே இல்லை. உச்சமாக, சங்கமொன்றின் முன்னாள் பொருளாளர் காலமானபோது, மரண அறிவித்தலில் 'ரொறன்ரோ போ மோந்த் பிரமுகர்' என்று எழுதிக்கொண்டு வந்து தந்தார்கள். செத்த மனிதனையாவது விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் கோத்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். எங்கே கண்டேன், யார் பாவித்தார்கள், எந்த எழுத்துப் பிழையோடு என்று ஒன்றுவிடாமல் குறித்தேன். வேறு ஆட்கள் முத்திரை சேர்ப்பார்கள். நான் இதைச் சேர்த்தேன். ஞாயிறுகளில் வாசித்துத் தனியே சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

அந்த அழகிய உலகத்தை நான் வெறுத்தேன் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. வார நாட்களில் பக்டரியில் நிற்கும் ஆள், சனிக்கிழமை மூன்று துண்டு சூட்டோடு ஹோல் வாசலில் நின்று, தன்னோடு அதே லைனில் நிற்கும் ஆளை முன்பின் கண்டதேயில்லை என்பது போலக் கைகுலுக்குவார். மனைவிமார் ஒருத்தியின் சீலைக் கரையை மற்றவள் விரலால் தடவி விலை மதிப்பார்கள். பெண்பிள்ளை பெரியபிள்ளையானது மாசியிலாக இருக்கும். வசதியான ஹோல் ஆவணியில்தான் கிடைக்குமென்றால் சாமத்தியவீட்டுக்குத் தண்ணீர் வார்ப்பதும் ஆவணிக்குப் போய்விடும். பிள்ளையை நீட்டுக் காரில் கொண்டுவந்து இறக்கி, புகை விட்டு, புகைக்குள்ளிருந்து பல்லக்கில் தூக்கி வருவார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் நாலு பேரும் மச்சான்மார், நாலு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எங்கள் ஆட்கள் குடையையும் வாடகைக்கு எடுத்தார்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் இந்த உலகம் ஊரை விட்டு ஓர் அங்குலமும் அசையவில்லை. அழைப்பிதழ் என்பது தபாலில் போகிற பொருள் அல்ல. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வீடு தேடி வந்து, கார்டின் மூலையில் குங்குமம் தொட்டுக் கையில் கொடுத்து, வாய் திறந்து "கட்டாயம் வரவேணும்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. ரெலிபோனில் சொன்னால் குறை. தபாலில் அனுப்பினால் பகை. ஸ்காபரோவிலிருந்து ஸ்ரௌவ்வில் வரை, எதிர்த் திசையில் மிசிசாகா வரை, ஒன்றரை மாத வாரவிடுமுறைகளில் சோடி சோடியாகக் கார்களில் ஓடித் திரிந்து, ஒவ்வொரு வீட்டிலும் ரீ குடித்து, வடை தின்று, வயிறு ஊதி வருவார்கள். அழைக்கப்படாமல் போகிறவனுக்கு எங்கள் சனத்திடம் மன்னிப்பே இல்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கலியாணம் முடிக்கவில்லை. நான் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு, இருவரும் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தட்டில் இருந்தோம். பதினோராம் தட்டில் ஒரு புருசன் பெண்சாதி, அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண்குழந்தை. இரண்டு பேருக்கும் வேலை, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அக்கா பார்த்தார். காலை ஆறு மணிக்கு நித்திரைக் கண்ணோடு தூக்கிக்கொண்டு வந்து தருவார்கள். பின்னேரம் சில நாள் ஏழு மணி, சில நாள் ஒன்பது மணிக்குத்தான் வந்து எடுப்பார்கள். ஏழு வருடம் இது நடந்தது. பிள்ளை அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிட்டது. புட்டுக்கு வாழைப்பழம் பிசைந்து அக்கா தீத்தினால்தான் வாய் திறக்கும். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அக்காவையும் சேர்த்து நாலு பேரை வரைந்து கொண்டுவந்தது. அந்தப் படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் ஒட்டித் தொங்கியது.

பிள்ளைக்கு ஒன்பது வயதானபோது தகப்பன் வேலையை விட்டு இன்சூரன்ஸ் விற்கத் தொடங்கினார், கை கொடுத்தது. விட்பியில், மேலே நான் சொன்ன அதே கூரையில்லாத அயலில், வீடு வாங்கிப் போனார்கள். போகும்போது ஒவ்வொரு பள்ளி லீவுக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். முதல் கோடையில் ஒரு நாள் கொண்டுவந்தார்கள். பிறகு இல்லை. அக்கா கார் ஓடத் தெரியாதவர். விட்பிக்கு ரயிலில் போய் இறங்கினாலும் அங்கிருந்து அந்த வீட்டுக்கு நடந்து போக வழி இல்லை. போன் எடுத்தால் பிள்ளை நீச்சல் வகுப்பில், அல்லது வயலின் வகுப்பில். மூன்று வருடம் அக்கா பிள்ளையைக் காணவில்லை.

பிள்ளை பெரியபிள்ளையான செய்தியை அக்கா அறிந்தது பிளாசா மரக்கறிக் கடையில், வெண்டிக்காய் முறித்துக்கொண்டிருந்தபோது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். முகத்தில் கோபமே இல்லை. முதலில் சொந்தக்காரருக்குத்தானே சொல்லுவினம், பிறகு வருவினம் என்றார். அடுத்த நாளே போய் ஒரு சோடித் தோடு வாங்கி, சிறிய சிவப்புப் பெட்டியில் வைத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

ஆனியில் தகப்பன் அச்சகத்துக்கு வந்தார். என்னைக் கண்டதும் மிகவும் குழைந்தார். அக்கா சுகமா என்று கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை. அழைப்பிதழின் மாதிரிகளைப் புரட்டி, இருப்பதிலேயே தடித்த மட்டையைத் தெரிந்தெடுத்தார். வாசகம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு விரலால் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணை, உந்தப் பிரெஞ்சுச் சொல்லைக் கீழை பொன்னெழுத்தில போடுங்கோ. ரொறன்ரோவின்ரை போ மோந்த் எல்லாம் வருது எண்டு. பாத்த உடனை ஆக்களுக்கு விளங்க வேணும், இது சும்மா சாமத்தியவீடு இல்லையெண்டு."

அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரன் எப்படிச் சொல்லுவான் என்று நான் அவருக்கு விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. பொன்னெழுத்தில், கொஞ்சம் பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன். பிரெஞ்சு தெரிந்த ஒருவன் அதைக் கையில் எடுத்து வாயைக் கோணுவான் என்று நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

உறைகளில் பெயர்களையும் நாங்களே அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் அச்சகத்தின் வழக்கம். அவர் தந்த பெயர்ப் பட்டியல் ஒன்பது தாள். நான்தான் அடித்தேன். சங்கத் தலைவர்கள், டொக்டர்மார், வீடு விற்கிறவர்கள், வானொலிக்காரர், இரண்டு சீலைக்கடைக்காரர்களும்கூட. அடித்துக்கொண்டு போகப் போக எனக்குச் சிரிப்புத்தான். ஒன்பதாம் தாள் முடிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. திரும்ப முதல் தாளிலிருந்து விரல் வைத்துப் பார்த்தேன். அக்காவின் பெயர் இல்லை. என்னுடையதும் இல்லை. என்னுடையது இல்லாதது எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவினுடையதைத் தேடி ஒன்பது தாளையும் மூன்றாம் தரம் புரட்டினேன்.

அடுத்த முறை அவர் கார்ட் எடுக்க வந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்காவை மறந்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டிருந்தால், வெட்கத்திலாவது ஒரு கார்டை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூட்டத்திடம் போய் அழைப்புக்குக் கை நீட்டுவதா என்ற திமிர். அக்காவின் ஆசைக்கும் என் திமிருக்கும் நடுவில் நான் என் திமிரைத்தான் காப்பாற்றினேன். அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

கார்ட் அச்சடித்தாயிற்று என்பதை அக்கா என்னிடமிருந்து அறிந்திருந்தார். பட்டியலைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அந்த வாரத்திலிருந்து சனி ஞாயிறுகளில் அக்கா வெளியே போவதை நிறுத்தினார். கோயிலுக்கும் போகவில்லை, தான் இல்லாத நேரம் பார்த்து அவர்கள் வந்துவிடுவார்களாம். செற்றி மெத்தை உறைகளைக் கழற்றித் தோய்த்துப் போட்டார். உழுந்து ஊறப்போட்டு வடைக்கு அரைத்து வைப்பார், பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்குமாகச் சுடுவார். லிஃப்ட் மணி கேட்கும்போதெல்லாம் சீலையை இழுத்து விட்டுக்கொண்டு எழும்புவார். காலடி வேறு கதவுக்குப் போய்விடும். ஐந்து வார இறுதிகள் நான் அந்த வடைகளைத் தின்றேன்.

ஆறாவது வாரம் தாங்கவில்லை. அச்சகத்தில் எந்த வேலைக்கும் கழிவுக்காகக் கொஞ்சம் கூட அடிப்போம். மிஞ்சிய கார்டுகளில் நல்லதாக ஒன்றை எடுத்தேன். அதே எழுத்தில் அக்காவின் பெயரை உறையில் அடித்தேன். பின்னேரம் கொண்டுவந்து கொடுத்து, அவர்கள் அவசரமாக அச்சகத்துக்கு வந்தார்கள், எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுது என்று யாரோ சொன்னதால் என்னிடம் தந்துவிட்டுக் கட்டாயம் வரச் சொன்னார்கள் என்றேன். பொய் என் வாயிலிருந்து வெகு சுலபமாக வந்தது. அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கார்டை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்து, தோட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நம்பிவிட்டார் என்று நினைத்தேன். நானூறு பேர் வரும் இடத்தில் இரண்டு பேரை யார் எண்ணப் போகிறார்கள் என்று என்னையும் தேற்றிக்கொண்டேன்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. இரண்டு பஸ் மாறிப் போனோம். அக்கா கிளிப்பச்சைச் சீலை கட்டி, கொண்டையில் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தார். நான் சூட் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை, சாதாரண சேர்ட்டோடு போனேன், அதிலும் எனக்கு ஒரு மிதப்பு. ஹோல் வாசலில் நீட்டுக் கார் நின்றது. உள்ளே நுழையும் இடத்தில் ஒரு மேசை, மேசையில் ஓர் இளம்பெண், அவள் கையில் மேசை இலக்கங்களோடு பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக்காரக் கலியாணத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் அந்த வருடம்தான் அதைத் தொடங்கியிருந்தார்கள்.

பெண் மேலிருந்து கீழ் பார்த்தாள், கீழிருந்து மேல் பார்த்தாள், சிரித்துக்கொண்டே உள்ளே போய் பிள்ளையின் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாய்க்கு எங்களைக் கண்டதும் முகம் ஒரு கணம் வெளிறியது. பின்னால் வேறு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஏழு வருடம் விடியக்காலையில் தன் பிள்ளையை அக்காவின் தோளில் போட்டுவிட்டு ஓடியவர், குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகவே கேட்டார்.

"அக்கா, உங்களுக்கு நாங்கள் வந்து சொல்லேல்லையே. ஆர் உங்களுக்குக் கார்ட் தந்தது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கையில் பிடித்திருந்த கார்டைக் கைப்பைக்குள் மெதுவாக விட்டு, சிப்பை இழுத்தார்.

"நீங்கள் சொல்லேல்லைத்தான் தங்கச்சி. பிள்ளையை ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு நாங்களாத்தான் வந்தனாங்கள்."

அழையாமல் வந்தவர் என்ற பெயரை, எங்கள் சனத்தில் அதைவிடக் கேவலமான பெயர் இல்லை, அக்கா நாலு பேர் கேட்கத் தன் தலையில் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். அதைச் சுமக்க வேண்டியவன் நான். நான் வாய் திறக்கவில்லை.

திருப்பி அனுப்புவதற்கு அவர்களுக்கும் கூச்சம் இருந்திருக்க வேண்டும். சமையலறைக் கதவோரம் வீடியோக்காரர்களுக்கும் மேளகாரருக்கும் போட்டிருந்த மேசையில் எங்களை இருத்தினார்கள். அந்த மேசைக்கு இலக்கம் கிடையாது. அங்கே இருந்துகொண்டு நான் என் கோபத்தை எல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்து சபையைப் பார்த்தேன். எந்தச் சூட்டின் கையில் விலைச்சீட்டு இன்னும் வெட்டப்படாமல் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன். மைக்கைப் பிடித்தவர் அந்தப் பிரெஞ்சுச் சொல்லை எத்தனை தரம் சொன்னார் என்று விரல் விட்டு எண்ணினேன், பதினொரு தரம். கேக் ஐந்து தட்டு, அதில் மேல் இரண்டு தட்டும் அட்டை. புகை விட்டார்கள், கூட்டத்தில் பாதி இருமியது. பல்லக்கு வந்தது. அக்கா கதிரையிலிருந்து எழும்பி நின்றார். முன்னால் நின்ற கமராக்காரனின் முதுகுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுக்க மேசை மேசையாகக் கூப்பிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பது வரை போய் நின்றது. அக்கா தோட்டுப் பெட்டியைக் கையில் பொத்திப் பிடித்தபடி நாற்பது வரைக்கும் காத்திருந்தார். இலக்கம் இல்லாத மேசையை யாரும் கூப்பிடவில்லை. போவோம் அக்கா என்றேன், கொஞ்சம் பொறு என்றார்.

பிள்ளை சீலை மாற்றுவதற்காக மேடையிலிருந்து இறங்கியது. உடை மாற்றும் அறைக்குப் போகிற வழி எங்கள் மேசைக்குப் பக்கத்தால்தான் போனது. முன்னால் அழகு நிலையப் பெண்மணி, நான் பெயர் கொடுத்தேனே, அவரேதான், ஒரு கையில் அலங்காரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழி விலக்கி வந்தார். பெட்டியின் மூடியில் அந்தச் சொல் வெள்ளியில் பொறித்திருந்தது, அதிலும் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. இது கொப்பியில் இல்லாதது, வீட்டுக்குப் போனதும் எழுத வேண்டும் என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போதுதான் பிள்ளையின் குரல் கேட்டது.

"பெரியம்மா? யூ ஆர் இன் ஜஃப்னா, நோ? அம்மா அப்பிடித்தான் சொன்னவ."

"இல்லையம்மா. நான் இங்கைதான் இருக்கிறன்," என்றார் அக்கா.

பிள்ளை ஏதோ சொன்னது, அக்கா ஏதோ சொன்னார். தோட்டுப் பெட்டி கை மாறியது. அக்கா பிள்ளையின் தலையைத் தொடக் கை தூக்கி, பூ அலங்காரம் கலைந்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டார். பிள்ளை குனிந்து அக்காவின் தோளில் நெற்றியை வைத்தது. அரை நிமிடம் இருக்கும். மேக்கப் அழிகிறது, நேரம் போகிறது என்று அழகு நிலையப் பெண்மணி அவசரப்படுத்தினார். நான் தாய் எங்கே நிற்கிறார் என்று பார்த்தேன். தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை முறைத்தேன். நன்றாக முறைத்தேன். முறைத்து முடித்துத் திரும்பியபோது பிள்ளை போய்விட்டது.

சாப்பிடாமல் வெளியே வந்தோம். வெயில் கொளுத்தியது. பஸ்ஸில் அக்காவுக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் மானம் மரியாதை, நன்றி விசுவாசம், அட்டைக் கேக் எல்லாவற்றையும் பற்றி ஒரு பாட்டம் பேசித் தீர்த்தேன். ஊரில் இருக்கிறார் என்று பிள்ளைக்குப் பொய் சொல்லி வைத்திருக்கிறார்களே, இவர்கள் மனிசரா என்றேன். என் பேச்சு ஓய்ந்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அக்கா, அந்தக் கார்ட் என்று தொடங்கினேன்.

"தெரியும்," என்றார்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"நீ தந்த உடனை. கார்டைக் கடையில குடுத்துவிட்டிட்டுப் போற ஆக்களே எங்கடை ஆக்கள்?"

தெரிந்துகொண்டே ஏன் வந்தீர்கள், வாசலில் அந்தப் பேச்சு வாங்க வேண்டியிருந்ததே என்றேன். அக்கா என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற மாதிரி.

"பிள்ளையைப் பாக்கத்தான். வேறென்னத்துக்குப் போறது?"

யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. அந்த ஆறு வாரத்தில் நான் அந்த மலர்ச்சியைக் காணவில்லை.

"மேல்வரிசை முன்பல்லு ஒண்டு இன்னும் கொஞ்சம் கோணல்தான். கம்பி போட்டும் நிமிரேல்லை. சிரிக்கேக்கை கவனிச்சனியே?"

ஞாபகத்தில் தேடினேன். விலைச்சீட்டு வந்தது, புகை வந்தது, எழுத்து விடுபட்ட பெட்டி வந்தது, தாயின் முகம் அச்சொட்டாக வந்தது. பிள்ளையின் முகம் வரவில்லை. ஒரு முழம் தூரத்தில் நின்றது, எங்கள் வீட்டுத் தரையில் ஏழு வருடம் உருண்டு விளையாடிய பிள்ளை, நான் அதன் முகத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை.

ஓம் அக்கா, கவனித்தேன் என்றேன்.